பதினோராவது இடமும் நாலாவது ஆணியும்

பந்து போடுகிறவன் கடைசியில்தான் மட்டை பிடிக்க வேண்டும் என்று முதன்முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் வேர்வை வழிய ஒரே ஒரு ஓவர்கூடப் பந்து போட்டிருக்க மாட்டான். மின்விசிறிக்கு அடியில், மேசைக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு சொல்லியிருப்பான். இத்தனை வருஷம் கழித்தும் யாராவது "பவுலர்தானே, கடைசியிலே வரட்டும்" என்றால் எனக்கு வயிறு எரிகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மன் சன்னதியில் நிற்கிறவன் நான். வாயில் கெட்ட வார்த்தை வரக்கூடாது என்று பழகியவன். இருந்தாலும் எழுதுகிறேன். மனசில் இருப்பது அம்மாவுக்குத் தெரியாததா?

ஐம்பதுகளின் தொடக்கத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் நான் கலாசியாக இருந்தேன். நீராவி கிரேன்களையும் இழுவைப் படகுகளின் எந்திரங்களையும் பழுது பார்க்கிற இடம். சம்மட்டி அடிப்பது, சங்கிலி இழுப்பது, இரும்பைத் தோளில் தூக்குவது என் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. குடியிருந்தது திருவொற்றியூரில். என் அப்பா எண்ணூர் முகத்துவாரத்தில் வீச்சு வலை வீசியவர். அந்தத் தோள் எனக்கும் வந்திருந்தது. பந்தைக் கையில் கொடுத்தபோது அது வலையைப் போலத் தானாகச் சுழன்று போனது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பட்டறைக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. வெள்ளைக்காரத் துரைகள் ஆரம்பித்து வைத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். அதை எங்கள் ஆபீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தலைமை குமாஸ்தாதான் கேப்டன். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வெள்ளை பூட்ஸுக்குச் சுண்ணாம்பு பூச ஒரு பியூன், மட்டையைத் துணி உறையிலிருந்து எடுத்துக் கொடுக்க ஒரு பியூன். கழுத்தில் பட்டுக் கைக்குட்டை. ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் வெறும் காற்றில் மட்டையை வீசிக் காட்டுவார். பார்க்கிறவர்கள் இன்றைக்கு நூறு அடிப்பார் என்றே நினைப்பார்கள். அவர் பதினைந்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அவுட் ஆகித் திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருக்கும். கண்ணில் வெயில். காக்கை பறந்தது. அம்பயருக்குக் காது கேட்கவில்லை. ஒரு தடவை, மட்டையில் நிறைய எண்ணெய் போட்டுவிட்டார்கள், பந்து வழுக்கிவிட்டது என்றார். அதையும் கேட்டுக்கொண்டு நாலு பேர் தலையை ஆட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வாசலில் ஆட்டக்காரர்களின் பட்டியலை ஒட்டுவார்கள். யார் எத்தனையாவதாக இறங்குவது என்று அதில் இருக்கும். தலைமை குமாஸ்தா முதலில். இரண்டாவது குமாஸ்தா இரண்டாவது. பிறகு ஸ்டோர் கீப்பர், டைம் கீப்பர், படம் வரைகிறவர் என்று இறங்கி வந்து, கடைசி இரண்டு பெயர்கள் பட்டறை ஆட்களுடையவை. பத்தாவது என் தோஸ்து. பாய்லர் பிரிவில் வேலை, ராயபுரத்துக்காரன், விக்கெட்டுக்குப் பின்னால் நின்று என் பந்தைப் பிடிக்கிறவன். பதினோராவது நான்.

ஆரம்பத்தில் இதில் ஏதோ கணக்கு இருக்கிறது, நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் டைம் கீப்பரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் மட்டையைக் குடை பிடிக்கிற மாதிரி பிடித்தார். அந்த வாரமே அவர் நாலாவது இடத்தில் இறங்கினார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தலைமை குமாஸ்தா மஸ்டர் என்கிற வருகைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலையில் ஆள் கூப்பிடுகிற அதே வரிசையில் பெயர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் அவருடைய கிரிக்கெட் ஞானம்.

"மாமு, வாட்ச்மேன் நம்ம டீம்ல இல்லாம பூட்டானே. மஸ்டர்ல அவன் ஒனுக்கும் கீய கீறான். இருந்தா நீ பத்தாவது ஆயிருப்பே" என்றான் தோஸ்து.

"நீ ஒம்போதாவது."

"ஆங், பிரமோஷன்!"

அவன் எதற்கும் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு நாள் துணிந்து தலைமை குமாஸ்தாவிடமே கேட்டேன். "சார், ஒரு தபா என்ன மேல எறக்கிப் பாருங்க சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பதில் சொன்னார். "பவுலருக்கு ரெஸ்ட் வேணும்ப்பா. நாள் முழுக்கப் பந்து போட்டிருக்கே. கடைசியிலே வந்தாத்தான் உனக்கு நல்லது. இது கிரிக்கெட் சாஸ்திரம்."

ரெஸ்டாம். ஆறு நாளும் கூரைத் தகரத்துக்குக் கீழே ஒன்பது ராத்தல் சம்மட்டி அடிக்கிறவனுக்கு இருபது ஓவர் களைப்பாக்கும்! அவர்கள் மட்டை பிடிக்கிற நேரத்தில் எங்களுக்கு அவர் கொடுத்த ரெஸ்ட் என்ன தெரியுமா? பாய்க்குத் தண்ணீர் தெளிப்பது. எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவது. ரயில் பாதையைத் தாண்டிப் போன பந்தை எடுத்துக்கொண்டு வருவது. அவருடைய சாஸ்திரத்தில் இதற்கெல்லாம் களைப்பு வராது போலிருக்கிறது.

பாய் என்று சொன்னேன். அதை விவரமாகச் சொல்ல வேண்டும். டோல்கேட்டைத் தாண்டி ரயில் பாதை ஓரமாக இருந்தது எங்கள் மைதானம். புல் கிடையாது. செம்மண் கொட்டிக் கெட்டித்த தரை. ஆட்டத்தன்று காலையில் அதன்மேல் தேங்காய் நார்க் கயிற்றால் பின்னிய நீளப் பாயை விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, முழ நீள ஆணிகளைத் தரையில் அடித்து இறுக்க வேண்டும். அந்தப் பாயின் மேல்தான் பந்து விழுந்து எழும்பும். ஸ்டோரிலிருந்து கைவண்டியில் பாயைத் தள்ளிக்கொண்டு வருவது நானும் தோஸ்தும். ஆணி அடிப்பது நான். ஆட்டம் முடிந்ததும் சுருட்டுவதும் நாங்கள்தான்.

வெறுங்காலோடு அந்தப் பாய்மேல் நடந்து ஆணி அடிக்கிறவனுக்குத் தரை பேசும். எங்கே மண் உள்வாங்கியிருக்கிறது, எங்கே பாய் விறைப்பு, எங்கே தொளதொளப்பு, எல்லாம் உள்ளங்காலுக்குத் தெரியும். எங்கள் மைதானத்தில் கடல் பக்கத்து ஸ்டம்பிலிருந்து எண்ணினால் நாலாவது ஆணிக்கு நேராக ஒரு மேடு. அங்கே பந்து குத்தினால் மார்புக்கு வரும். ரயில் பக்கம் அதற்கு நேர்மாறு, பந்து எழும்பவே எழும்பாது. என் விக்கெட்டுகளில் பாதிக்கு மேல் அந்த நாலாவது ஆணி வாங்கிக் கொடுத்தது. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு நேராக மட்டையோடு வருகிறவர்கள் கேட்டால்தானே சொல்ல முடியும்!

பந்து போடுகிறவனை எங்கே இறக்க வேண்டும் என்பதில் என் கட்சி இதுதான். தரை எப்படி என்று அன்றைக்கு அவனுக்குத் தெரிந்த அளவு வேறு எவனுக்கும் தெரியாது. இருபது ஓவர் அதே இடத்தில் குத்திக் குத்திப் பார்த்தவன் அவன். அப்படிப்பட்டவனைக் கடைசியில் நிறுத்தினால் அந்த அறிவு யாருக்கும் பயன்படாமல் போகிறது. முதலில் இறக்கு என்று நான் சொல்லவில்லை. கை ஓய்ந்திருக்கும், நியாயம்தான். ஆறாவதாக இறக்கு. அதற்குள் வேர்வை காய்ந்துவிடும், மிச்சம் ஐந்து பேர் பின்னால் இருப்பார்கள், கொஞ்ச நேரம் நின்று ஆடலாம். பதினோராவதாக இறங்குகிறவன் எதை ஆடுவது? போய் நிற்பான், எதிர்ப்பக்கத்தில் இருப்பவன் அவுட் ஆவான், திரும்பி வருவான். ஸ்கோர் நோட்டில் என் பெயருக்கு நேராக அந்த மூன்று வருஷமும் பூஜ்யம், நாட் அவுட் என்றே இருந்தது. அவுட் ஆவதற்குக்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லை.

என் மனைவி நெட்டுக்குப்பத்துப் பெண். மீன் கூடையோடு தெருத்தெருவாகப் பேரம் பேசிய வாய். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறேன் என்று பார்க்க ஒரு நாள் மைதானத்துக்கு வந்தாள். காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் ஆரம்பித்தாள்.

"ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"கேளு."

"கட்டய தோள்ல வெச்சிகினு போனே. அப்பால கட்டய தோள்ல வெச்சிகினு திரும்பி வந்தே. நடுவுல இன்னா நடந்துச்சு? நான் கண்ண சிமிட்டிட்டேனா?"

"என் முறை வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிபோச்சு."

"பதினோரு பேர்ல பதினோராவது. பாய விரிக்கிறதுல மட்டும் மொதல் ஆளு. நல்லா கீதுய்யா ஒன் ஆட்டம்."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அந்த வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். பிள்ளை குட்டி நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டிய இடத்தில், "தாயே, ஒரே ஒரு தடவை என்னை மேலே இறக்கச் சொல்லு. இவள் பார்க்க நான் நாலு ரன் எடுக்க வேண்டும்" என்று கேட்டேன். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வேண்டுதலைத் திரும்ப வாங்கவில்லை.

அதற்கடுத்த மாதம் பெரிய ஆட்டம் வந்தது. எதிரணி தண்டையார்பேட்டைப் பக்கத்து எண்ணெய்க் கிடங்கு ஆட்கள். சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி ஞாயிற்றுக்கிழமையும் நடக்கிற ஆட்டம். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எங்கள் பட்டறையின் பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து தலைமை குமாஸ்தா தரையில் கால் பாவாமல் நடந்தார்.

சனிக்கிழமை அவர்கள் முதலில் ஆடினார்கள். நான் ஏழு பேரை எடுத்தேன். அதில் நாலு பேர் நாலாவது ஆணியின் தயவு. நூற்றிருபத்திரண்டில் அவர்கள் கதை முடிந்தது. அப்போது வெளிச்சம் மங்க ஆரம்பித்துவிட்டது. ரயில் எஞ்சின் புகையும் ஆலைப் புகையும் சேர்ந்து மைதானத்தின் மேல் போர்வை மாதிரி நின்றது. இன்னும் இருபது நிமிஷ ஆட்டம் பாக்கி. எதிரணியில் ஒரு முரட்டு ஆள் புதுப் பந்தைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு நின்றான்.

தலைமை குமாஸ்தா காலில் பேடு கட்டிக்கொண்டு வந்தார். வானத்தைப் பார்த்தார். அந்த முரட்டு ஆளைப் பார்த்தார். இன்னொரு தடவை வானத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பேடை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, மேலே இறக்குங்கன்னு கேட்டுட்டே இருந்தியே. போ, இன்னிக்கு நீயே முதல்லே இறங்கு. கூட உன் சிநேகிதனையும் கூட்டிட்டுப் போ."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மா காது கொடுத்துக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். இடுப்பு மடிப்பிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டேன். தோஸ்து மட்டும் அவரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமு, இதுல எதுனா கலீஜ் வேல கீதோ?"

"சும்மா வாய்யா. நல்லது நடக்கும்போது அபசகுனமாப் பேசாத."

பதினொன்றும் பத்தும் முதல் ஜோடியாக நடந்து போனோம். மஸ்டர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிய மாதிரி இருந்தது. அந்த முரட்டு ஆள் நன்றாகவே போட்டான். பந்து கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்டது. ஆனால் கடல் பக்கம் நின்றபோது நாலாவது ஆணியில் விழுகிற பந்துக்கெல்லாம் ஒரு அடி பின்னால் போய் நின்றேன். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று வாங்கினேன். தோஸ்துக்கு முழங்கையில் ஒன்று. இருபது நிமிஷமும் நின்றோம். ஒன்பது ரன். அதில் ஆறு என்னுடையது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்: "நாளைக்கு வா. நான்தான் ஆடுறேன். வந்து பாரு."

ஞாயிறு விடியற்காலை வழக்கம்போல நானே போய்ப் பாயை அடித்தேன். முதல் நாள் ஆட்டத்தில் நாலாவது ஆணி பக்கம் மண் இன்னும் கிளம்பியிருந்தது. எவ்வளவு அடித்தும் மேடு அடங்கவில்லை. ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் தலைமை குமாஸ்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து நல்லா நின்னே. உன் வேலை முடிஞ்சுது. ரெண்டு ஓவருக்குள்ளே கண்ணை மூடிட்டு அடிச்சு அவுட் ஆகி வந்துடு."

"எதுக்கு சார்? ஆட்டம் இப்பத்தானே ஆரம்பிக்குது?"

"உனக்கு ஒண்ணுமே தெரியலையே. இருட்டிலே நல்ல பேட்ஸ்மேனை வீணாக்கக் கூடாது. அதுக்குத்தான் கடைசி ஆளை அனுப்புவாங்க. நைட் வாட்ச்மேன்னு பேரு. ராத்திரி காவல் முடிஞ்சா வாட்ச்மேன் வீட்டுக்குப் போக வேண்டாமா? பதினோரு மணிக்குப் பெரியவர் வர்றார். அப்போ நான் கிரீஸ்லே இருக்கணும்."

விலாவில் பட்ட அடி அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. உடைந்தால் உடையட்டும் என்று இருட்டில் எங்கள் எலும்பை அனுப்பியிருக்கிறார். அதற்குப் பெயர் வைத்து, அதையும் சாஸ்திரம் என்கிறார். அம்மா கொடுத்தாள் என்று நினைத்து நான் திருநீறு பூசிக்கொண்டு போனது இதற்குத்தான். கோபம்கூட வரவில்லை. தட்டில் பூச்சி கிடந்தால் வருகிற அருவருப்புதான் வந்தது. அதிகாரி பார்க்க இரண்டு ரன் எடுப்பதற்காக இப்படி நெளிகிற மனுஷனுக்காகவா நான் மூன்று வருஷம் சங்கடப்பட்டேன்?

மைதானத்துச் சுவரோரம் என் மனைவி வந்து நின்றுவிட்டாள். கையில் தூக்குப் பாத்திரம். தோஸ்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா பண்ணப் போறே?"

"ஆடப் போறேன்."

"அப்போ நானும்."

அவன் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தான். ரயில் பக்கத்தில் எழும்பாமல் வந்த ஒரு பந்தில் போனான். பதினோரு மணிக்காகத் தன்னை ஒதுக்கி வைத்துக்கொண்டு தலைமை குமாஸ்தா அனுப்பிய இரண்டாவது குமாஸ்தா வந்த வேகத்தில் திரும்பினார். நான் நின்றேன். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். சம்மட்டி அடிக்கிற மாதிரி அடித்தேன். ஆனால் எதை அடிப்பது, எதை விடுவது என்று என் காலுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பந்து தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. அதை எடுக்க எதிரணி ஆள் ஓடியபோது, இத்தனை நாள் அப்படி ஓடியவன் நான்தானே என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சின்ன புத்திதான். சுவரோரத்திலிருந்து "அப்டிப் போடு!" என்று ஒரு குரல். அது மீன் விற்ற குரல், மைதானம் முழுக்கக் கேட்டது.

நான் நாற்பத்தொன்று எடுத்திருந்தபோது மூன்றாவதாக ஒருவர் அவுட் ஆனார். மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமை குமாஸ்தா பட்டுக் கைக்குட்டையைச் சரி செய்துகொண்டு உள்ளே வந்தார். அவர் நிற்க வேண்டியது கடல் பக்கம். என்னதான் இருந்தாலும் என் அணி. நான் எதிரே போய்ச் சொன்னேன்.

"சார், இந்தப் பக்கம் நாலாவது ஆணிகிட்ட மேடு கீது. காலையிலேகூட அடங்கல. அங்க குத்துச்சுன்னா பின்னால போயிடுங்க. முன்னால வராதீங்க."

"வாட்ச்மேன் எனக்குப் பாடம் நடத்தறானா? உன்னை ரெண்டு ஓவர்லே வரச் சொன்னேன் இல்லே? போய் அந்தப் பக்கம் நில்லு."

நான் போய் நின்றேன். முதல் பந்து அகலமாக வந்தது. அவர் லேசாகத் தட்டினார். பந்து தரையோடு உருண்டு நேராக ஒரு ஆளின் கைக்கே போனது. ஓட்டமே இல்லாத இடம். "யெஸ், வா வா!" என்று கத்திக்கொண்டு நாலு அடி ஓடி வந்தார். கேப்டன் கூப்பிட்டால் ஓட வேண்டும், ஓடினேன். பாதியைத் தாண்டினேன். அவர் நின்றார். "நோ!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கோட்டுக்குள் நின்றுகொண்டார். நான் திரும்புவதற்குள் என் பக்கத்து ஸ்டம்பு தெறித்துக் கிடந்தது.

தெரியாமல் நடந்திருக்கும் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். கோட்டுக்குள் நின்ற அவர் முகத்தை நான் பார்த்தேன். அவர்கள் பார்க்கவில்லை.

நான் வெளியே நடந்தேன். சுவரோரத்துக் குரல் மறுபடியும் எழுந்தது.

"யோவ், கூப்டுட்டு கதவ சாத்துறியே, நீயெல்லாம் இன்னா மன்சன்யா? ஒன் வூட்டுக்கு விருந்தாளி வந்தாலும் இப்டித்தானா?"

எதிரணி ஆட்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் பெரிய அதிகாரியின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி நாற்காலியில் உட்காருவதற்கும் அடுத்த பந்து வருவதற்கும் சரியாக இருந்தது. போட்டது நேற்றைய முரட்டு ஆள். பந்து நாலாவது ஆணியில் குத்தியது. தலைமை குமாஸ்தா மட்டையை அழகாக நீட்டி, முன் காலை வைத்து, படத்தில் இருப்பது போல முன்னால் போனார். பந்து எகிறி, அவருடைய நெஞ்சில் இடித்து, கீழே விழுந்து, உருண்டு ஸ்டம்பைத் தட்டியது. மேலே இருந்த பெயில் குச்சி ஒன்றுதான் விழுந்தது. ஒன்று போதுமே.

நான் சிரிக்கவில்லை. அம்மா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. சிரிப்பதற்கும் எதிரே கொஞ்சம் மதிப்புள்ள ஆள் வேண்டும்.

மஸ்டர் வரிசையில் மிச்சம் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து போனார்கள். நூற்றெட்டில் எல்லாரும் அவுட். பதினாலு ரன்னில் தோற்றோம். தலைமை குமாஸ்தா அதிகாரியிடம் காரணம் சொன்னார். நான் பத்தடி தள்ளிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"பாய் சரியா அடிக்கலே சார். கலாசிகளோட அலட்சியம்."

அதிகாரி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தோஸ்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிடிக்காவிட்டால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. கையில் சம்மட்டி வேறு இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். முதலில் தலைமை குமாஸ்தா. பதினோராவது நான். நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"சார், என் பேர எடுத்துடுங்க."

"என்னப்பா இது! நீ இல்லேன்னா யார் பந்து போடுறது?"

"மஸ்டர்ல யாரு பேரு மொதல்ல கீதோ, அவரே மொதல் ஓவர் போடட்டும். பாயும் அந்த வரிசையிலேயே அடிங்க சார்."

நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று ஞாயிறு மைதானத்துப் பக்கம் போகவில்லை. மனைவியோடு கோயிலுக்குப் போனேன், மீஞ்சூரில் அவளுடைய அக்காள் வீட்டுக்குப் போனேன். கை மட்டும் எங்கேயாவது வட்டமாக ஒரு பொருளைப் பார்த்தால் அரிக்கும். மூன்று ஞாயிறும் தோற்றார்கள் என்று தோஸ்து வந்து சொன்னான். ஒரு ஆட்டத்தில் எதிரணி இருநூறைத் தாண்டியதாம். தலைமை குமாஸ்தாவே பந்து போட்டாராம். "மாமு, அவரு போட்டாரு பாரு, பந்து வர்றதுக்குள்ள பேட்ஸ்மேன் ஒரு டீ குடிச்சிட்டு வந்தான்!"

நாலாவது வெள்ளிக்கிழமை தோஸ்து மூச்சிரைக்க ஓடி வந்தான். பட்டியலில் ஆறாவது இடத்தில் என் பெயர். குமாஸ்தாவின் கையெழுத்தேதான். ஐந்து பெயரை எழுதிவிட்டு ஆறாவதை எழுத அவருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அது வராது. தோற்றுத் தோற்று அதிகாரியிடம் காரணம் தீர்ந்துபோயிருக்கும், அதுதான் விஷயம்.

ஞாயிறு அன்று மனைவியும் வந்தாள். ஆறாவதாக இறங்கினேன். முதல் பந்திலேயே ஸ்டம்பு போனது. பூஜ்யம்.

நான் இல்லாத மூன்று வாரத்தில் யாரோ பியூன்கள் பாயை அடித்திருந்தார்கள். அன்றைக்கும் அவர்களே வந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பேட்ஸ்மேன் ஆகிவிட்டோமே என்ற கௌரவத்தில் நானும் ஆட்ட நேரத்துக்குத்தான் மைதானத்துக்குப் போயிருந்தேன். பந்து போடுகிறபோதுகூட என் பழைய மேடு எங்கோ நகர்ந்திருந்தது, கவனித்தேன், யோசிக்கவில்லை. புது மேடு எங்கே என்று என் காலுக்குத் தெரியாது. தலைமை குமாஸ்தா முன்னால் போன மாதிரியே நானும் அழகாக முன்னால் போனேன். மூன்று வருஷம் அந்த மனுஷனைப் பார்த்து எதைக் கேவலம் என்று நினைத்தேனோ, அதையே ஒரே பந்தில் செய்து முடித்தேன்.

திரும்பி வரும் வழியில் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இந்த தபா கண்ண சிமிட்டல. பாத்துட்டேன்" என்றாள்.

"இன்னா பாத்தே?"

"வெறுங்காலோட ஆணி அடிக்கிற வரிக்கும் ஒழுங்கா இருந்தே. காத்தால எட்டு மணிக்கு எயுந்து தலைக்கு எண்ணெ வெச்சிகினு போனே பாரு, அப்பவே எனுக்குத் தெரியும்."

அடுத்த ஞாயிறு விடிவதற்கு முன்னால் ஸ்டோருக்குப் போனேன். பியூன்கள் கையிலிருந்து சம்மட்டியை வாங்கிக்கொண்டேன். மைதானத்தில் பாயை விரித்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன்மேல் ஒரு தடவை நடந்தேன். பிறகு முதல் ஆணியை வைத்து அடித்தேன். மத்தியானம் ஆறாவதாக இறங்கினேன். அன்றைக்கு எடுத்தது பத்தொன்பதோ இருபதோ, சரியாக நினைவில்லை. அவுட் ஆகித்தான் திரும்பினேன்.